வரி இருநூற்றுப் பதினான்கு

இரவு பதினொன்றரை.
கடைசி ரயில் பாணந்துறைப் பக்கம் போய்விட்டது.
இனித்தான் வெள்ளவத்தைக் கடல்
தன் சொந்தக் குரலில் பேசும்.
மேசையில் ஆறிப்போன பிளேன்ரீ, அதில் மிதக்கும் ஓர் எறும்பு,
திரையில் ரைமோ அனுப்பிய திருத்தம்:
நாற்பத்தொரு வரி நீக்கம், ஒன்பது வரி சேர்ப்பு.
ஹெல்சிங்கியில் இப்போது ஒன்பது மணி,
வெளிச்சம் போயிருக்காது.

நீக்கம் கூடினால் எனக்குப் பிடிக்கும்.
கேர்னலின் நினைவகப் பகுதியில்
ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு தனிச் சமையலறை,
ஒவ்வொன்றிலும் வேறு உப்பு.
எல்லாவற்றையும் ஒரே அடுப்புக்குக் கொண்டுவந்துவிட்டேன்
என்கிறான் ரைமோ.
வாசிக்க அழகாக இருக்கிறது.
அழகானதை நான் இரண்டு தரம் வாசிப்பேன்.

என் மடிக்கணினியில் பெரும்பக்கம் என்றால்
ஐந்நூற்றுப் பன்னிரண்டு சிறுபக்கங்கள்,
அட்டவணையில் ஒரேயொரு பதிவு.
எவ்வளவு பெரிய வீடென்றாலும் ஒரு கதவு.
அழுக்கா என்று கேட்டால்
ஆம், அல்லது இல்லை.
சோதனைகள் ஓடின. எல்லாம் பச்சை.

ஆனால் ஃப்ரிட்ஜின் மேல்
சவர்க்காரப் பெட்டியளவு பலகையொன்று கிடக்கிறது,
அதற்குள் ஆர்ம்.
அங்கே பெரிது என்பது
பதினாறு பதிவுகள் கைகோத்து
நாங்கள் ஒன்றுதான் என்று சொல்லும் ஏற்பாடு.
யாராவது எழுதினால்
பதினாறில் எதன் நெற்றியிலாவது
அழுக்கு பிட்டை வைத்துவிடும் சிப்.
எதில் என்று சொல்லாது.
சொல்லவேண்டிய கட்டாயமும் அதற்கில்லை.

ரைமோவின் வரி முதலாவதை மட்டும் கேட்கிறது.

நான் அதைக் கடந்து போய்விட்டேன்.
உண்மையாக. இரண்டு தரமும்.
"பார்த்தேன், சரி" என்று எழுதி
நளாயினி என்பதில் நளா வரை தட்டியபோது
கணுக்காலில் நுளம்பு.

காலையில் டெங்குப் பரிசோதகர் வந்திருந்தார்,
கையில் கோப்பு, கூடவே வியர்த்துப்போன ஒரு பொடியன்.
எங்கள் கட்டடத்தில் பதினாறு பிளாட்.
லிஃப்ற் மூன்று நாளாய் வேலையில்லை.
கீழ்த்தளம், முதற்கதவு, மிஸிஸ் ரணவீர:
துடைத்த தரை, கவிழ்த்து வைத்த வாளி.
"ஹொந்தய்" என்றார் பரிசோதகர்.
பதினாறு கட்டத்துக்கும் பேனா
மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு.

மாடிப்படி வளைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவர் ஏறவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்.
என் பால்கனியில் கற்றாழைத் தொட்டிக்குக் கீழே ஒரு தட்டு.
அதில் என்ன நெளிகிறது என்று
ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரியும்.

நளாவை அழித்தேன்.
பலகையை எழுப்பி, கோப்பொன்றை நினைவகத்தில் விரித்து,
பதினோராவது பதிவின் கீழ் மட்டும்
ஒரு ழ எழுதினேன். மூன்று பைட்.
பிறகு நினைவகத்தை இடம்போதாமல் நெருக்கினேன்.
கேர்னல் முதற்கதவைத் தட்டியது,
சுத்தம் என்று கேட்டது,
முழுவதையும் தூக்கி எறிந்தது.
திரும்ப வாசித்தேன்:
பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.

ரைமோ,
வரி இருநூற்றுப் பதினான்கைப் பார்.
முதற்பதிவு மட்டும் போதாது.
பதினாறையும் கேட்டு, பதில்களைச் சேர்த்து எடு.
ஒன்பது வரி பதினேழாகும், ஆகட்டும்.
நானும் முதலில் தவறவிட்டேன்
என்று சேர்த்தேன். அழித்தேன்.
பிறகு திரும்பவும் சேர்த்தேன்.

அனுப்புமுன் எழுந்துபோய்
தட்டை எடுத்துக் காய்ந்த சீமெந்தில் ஊற்றினேன்.
கைத்தொலைபேசி வெளிச்சத்தில்
கமாக்களைப் போல் துள்ளின,
ஒவ்வொன்றாய் நின்றன.
மற்றப் பதினான்கு வீட்டிலும் என்ன இருக்கிறதோ.
இந்நேரத்தில் யாருடைய கதவைத் தட்டுவது?

எதிர்ப் பிளாட்டின் கதவடியில்
இன்னும் வெளிச்சம் தெரிந்தது.
செருப்பைத் தேடினேன்.